ஸ்டென்ட் வலிக்கு மருந்து என்று 8,640 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து உள்ளே டிஜே ஸ்டென்ட் (சிறுநீர் அடைக்காமல் இறங்க வைக்கிற மெல்லிய குழாய்) வைத்திருப்பவர்கள், வைக்கப்போகிறவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். ஃபோனில் மூலிகை மருந்து விற்கிற ஒரு கும்பல் என்னிடம் 8,640 ரூபாய் கறந்துவிட்டது. பெயரைப் போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். அதனால் எப்படி வருவார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்கு இடது பக்கச் சிறுநீர்க் குழாயில் 9 மி.மீ. கல். லேசரில் உடைத்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடைத்த இடம் வீங்கி அடைத்துக்கொள்ளக் கூடாது என்று மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள். ஒரு நுனி சிறுநீரகத்தில், மறு நுனி சிறுநீர்ப்பையில் சுருண்டு நிற்கும், சில வாரத்தில் எடுத்துவிடலாம், அதுவரை கொஞ்சம் தொந்தரவு இருக்கும் என்றார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்தால் உடனே மறுபடி முட்டும். போனால் நாலு சொட்டு. அது முடிகிற நேரத்தில் அடிவயிற்றில் ஆரம்பித்து விலா வரைக்கும் ஒரு வலி ஏறும் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு ராத்திரி தூக்கம் வராமல் ஃபோனில் தேடினேன். தேடினால் போதுமே, விடிந்ததும் விளம்பரம் வந்து நிற்கிறது. 'ஸ்டென்ட் வலியா? இயற்கை முறையில் தீர்வு.' நம்பரைப் பதிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அண்ணா, யூரின் போகும்போது விலாப் பக்கம் சுருக்குனு ஏறுதா? போய் முடிச்சும் முடியாத மாதிரியே இருக்குதா? வண்டி ஓட்டினா சிவப்பா வருதா?"

மூன்றும் அப்படியே. வீட்டில் யாருக்கும் நான் விளக்கிச் சொல்ல முடியாமல் தவித்ததை, முகம் தெரியாத ஒருத்தி ஃபோனில் வரிசையாகச் சொல்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த இடத்தில்தான் என்னைப் பிடித்தார்கள். ஸ்டென்ட் வைத்த பெரும்பாலானவர்களுக்கு இதேதான் இருக்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் பிற்பாடு சொன்னார். குழாய் நடுவில் நிற்பதால் சிறுநீர் மேலே திரும்பாமல் தடுக்கிற வாய் சரியாக மூடாது. போகும்போது கொஞ்சம் சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறும், விலா வலி அதனால்தான். கீழ் நுனி பைக்குள் உரசுவதால் முட்டலும் ரத்தமும். அவள் யாரைக் கூப்பிட்டாலும் இதே மூன்று கேள்விதான் கேட்டிருப்பாள்.

அப்புறம் 'டாக்டர்' என்று ஒருவர் லைனில் வந்தார். 21 நாள் கோர்ஸ், மிச்சக் கல்தூளும் கரைந்துவிடும், விலை 14,400, இன்றைக்கு மட்டும் 8,640. முழுப் பணமும் ஜிபேயில் முதலிலேயே அனுப்ப வேண்டும். அனுப்பினேன்.

பார்சலில் மூன்று பாட்டில், ஒரு டப்பா பொடி. சிரப்பில் வெல்லமும் சீரகமும்தான் வாயில் தெரிந்தது. வலி இம்மி குறையவில்லை. சொன்னால் "புளி, தக்காளி சேர்த்தீங்களாண்ணா?" சேர்க்கவில்லை என்றால் "உடம்புல சூடு அதிகம்". ஒருநாள் கடைவீதி வரை வண்டியில் போய்வந்ததில் சிவப்பாகப் போனது. பயந்துபோய்க் கூப்பிட்டால், "சூப்பர்ணா, கல்லு கரைஞ்சு வெளிய வருது" என்கிறாள்! ரத்தம் போகிற ஆளிடம் சூப்பராம்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகு அண்ணன் சார் ஆகிவிட்டேன். "பாட்டிலைத் திறந்துட்டீங்களே சார்." "டாக்டர் மீட்டிங்ல இருக்கார் சார்." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. ஒரே ஒரு தடவை அவர்களாகவே கூப்பிட்டார்கள். எதற்கு? இன்னொரு கோர்ஸ் 4,200, அது முடிகிற வரைக்கும் ஸ்டென்ட்டை எடுக்க அவசரப்படாதீர்கள் என்று சொல்ல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இதில்தான். சொன்ன தேதியில் எடுக்காமல் மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட் மேலேயே உப்புப் படிந்து இறுகிவிடும், எடுப்பதற்கே தனி ஆபரேஷன் தேவைப்படலாம், சிறுநீரகமே பழுதாகலாம். 4,200 ரூபாய்க்காக இதைச் சொல்கிறார்கள்.

அன்றைக்குத்தான் பாட்டில் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்துத் தயாரிப்பு உரிம எண் எங்கேயும் இல்லை. இருந்தது 14 இலக்க உணவு உரிம எண். அதற்குக் கீழே எறும்பு சைஸ் எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. 8,640 ரூபாய்க்கு எனக்கு விற்றது உணவுப் பொருள்! சிறுநீரகக் கல்லைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-லேயே சட்டம் இருக்கிறது, மந்திர நிவாரண விளம்பரங்களுக்கு எதிரான சட்டம். யார் மதிக்கிறார்கள்?

நேற்று ஸ்டென்ட்டை எடுத்தாயிற்று. மரத்துப்போக ஜெல் வைத்து, சில நிமிஷத்தில் வேலை முடிந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் அதே பெண். "கோர்ஸ் முடிஞ்சிருச்சே சார், இப்ப வலி எப்படி? குறைஞ்சிருந்தா ஒரு வீடியோ அனுப்புங்களேன்." 21 நாள் என்பது எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? அதற்குள் பலருக்கும் ஸ்டென்ட்டை எடுத்திருப்பார்கள், வலி தானாகவே போயிருக்கும், பெயர் மட்டும் சிரப்புக்கு.

சமாளிக்கும் வழி எழுதுவதாகச் சொன்னேன், இப்போது இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். படுக்கப்போகும் முன் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். வண்டி, மாடிப்படி, கனம் தூக்குவது வேண்டாம். முட்டலுக்கும் வலிக்கும் முறையான மாத்திரை உண்டு. எனக்கு டாம்சுலோசின் கொடுத்திருந்தார்கள், தாங்கவில்லை என்று போய்ச் சொன்னதும் சிறுநீர்ப்பைக்கு இன்னொன்று சேர்த்தார்கள், அதன் பிறகு பாதி ராத்திரியாவது தூங்கினேன். நீங்களும் உங்கள் டாக்டரையே கேளுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எடுக்கிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது. அந்த 8,640 வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன். "எந்தக் கம்பெனி, நம்பர் கொடுங்க, ட்ரை பண்ணிப் பார்க்கிறேன்" என்று மட்டும் யாரும் கேட்டு வராதீர்கள்.