ஒளியிழை வலையமைப்பில் முதலீடு: பகிர்விழையா, தனியிழையா?

வீடுகளுக்கு ஒளியிழை இணைப்பு தரும் நிறுவனத்தில் முதலீடு செய்யும் முன், எந்தத் தொழில்நுட்பம் வேகமானது என்று கேட்பதைவிட, போட்ட பணத்தில் எவ்வளவு மண்ணுக்கடியில் இருக்கிறது, எவ்வளவு கருவிகளில் இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, இழை இழுக்கும் வேலைதான் மூலதனச் செலவின் பெரும்பகுதியை விழுங்குகிறது. அந்த இழை பல பத்தாண்டுகள் உழைக்கும். இரு முனைகளிலும் உள்ள கருவிகளோ அடுத்த தலைமுறை வந்ததும் கழற்றப்பட வேண்டியவை.

களத்தில் மோதுபவை இரண்டு வடிவமைப்புகள். ஒன்று, பான் எனப்படும் பகிர்விழை முறை: தொலைபேசி நிலையத்திலுள்ள ஒரு போர்ட்டிலிருந்து (இழையைச் செருகும் இணைப்புமுனை) புறப்படும் இழை, ஒளியைப் பிரிக்கும், மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. மற்றொன்று, நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை செல்லும் முறை. முன்னதில் போர்ட்டும் மின்செலவும் இடமும் மிச்சம். பின்னதில் வேகத்தை அண்டை வீட்டாரோடு பங்கிட வேண்டியதில்லை. ஆனால் ஆயிரம் சந்தாதாரர்களுக்கு ஆயிரம் போர்ட்டுகள் வேண்டும். தொடக்கச் செலவை மட்டும் பார்த்தால் பான் முறையே வெல்கிறது.

பான் குடும்பத்துக்குள்ளும் போட்டி உண்டு. 2003-இல் தரப்படுத்தப்பட்ட ஜிபான் வீட்டை நோக்கி நொடிக்கு 2.5 கிகாபிட் வேகமும் எதிர்த்திசையில் 1.25 கிகாபிட் வேகமும் தருகிறது. 2016-இல் வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் இரு திசைகளிலும் 10 கிகாபிட் தருகிறது. முதலீட்டாளருக்கு இந்த வேகங்களைவிட முக்கியமானவை, அவை பயன்படுத்தும் ஒளியின் அலைநீளங்கள். ஜிபான் 1490, 1310 நானோமீட்டர்களிலும் எக்ஸ்ஜிஎஸ்-பான் 1577, 1270 நானோமீட்டர்களிலும் இயங்குவதால், இரண்டும் ஒரே இழையில் ஒன்றையொன்று கெடுக்காமல் ஓடும். நிலையத்தில் புதிய அட்டையையும் அலைநீளங்களைச் சேர்க்கும் கருவியையும் பொருத்திவிட்டால், கூடுதல் வேகத்துக்குப் பணம் தரும் வாடிக்கையாளர் வீட்டில் மட்டும் இழை வந்து சேரும் பெட்டியை மாற்றினால் போதும். வருமானம் வரும் இடத்தில்தான் செலவும் விழுகிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் தேர்ந்த என்ஜி-பான்2 நான்கு அலைநீளங்களில் 40 கிகாபிட் வரை தரும் திறன் கொண்டது. தொழில்நுட்பமாக அதுவே சிறந்தது என்பேன். ஆனால் அலைநீளத்தை மாற்றிக்கொள்ளும் லேசரை ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் வைப்பது விலையை உயர்த்தியது. ஏடி அண்ட் டி உள்ளிட்ட பிறர் எக்ஸ்ஜிஎஸ் பக்கம் போனதால் உற்பத்தி அளவும் விலைச் சரிவும் அங்கேயே சேர்ந்தன.

டெக்சாஸின் கெல்லர் நகரில் 2004-இல் வெரைசன் ஃபியோஸ் என்ற ஒளியிழைச் சேவையைத் தொடங்கியபோது இருந்தது, ஜிபானுக்கு முந்தைய தலைமுறையான 622 மெகாபிட் பிபான். அதே வலையமைப்பு 2016-இல், கலிபோர்னியா, புளோரிடா சொத்துகளோடு சேர்த்து 1,054 கோடி டாலருக்கு ஃபிரான்டியர் நிறுவனத்திடம் போனது. சுமார் 1,750 கோடி டாலர் கடனோடு ஃபிரான்டியர் 2020-இல் திவால் பாதுகாப்பு கோரியது. பழைய பங்குதாரர்களின் பங்கு மதிப்பு அழிந்தது. 2021-இல் மீண்ட பின் எக்ஸ்ஜிஎஸ்-பான் கருவிகளால் 7 கிகாபிட் சேவை வரை விற்றது. 2024 செப்டம்பரில், கடன் உட்பட 2,000 கோடி டாலர் மதிப்பில் அந்த நிறுவனத்தையே வாங்க வெரைசன் ஒப்பந்தம் செய்தது. கருவிகள் மாறின, உரிமையாளர்கள் மாறினார்கள், இழை தன் மதிப்பை இழக்கவில்லை. ஆனால் நல்ல இழை வைத்திருந்ததால் மட்டும் பங்குதாரர் தப்பவில்லை என்பதையும் இதில் படிக்க வேண்டும்.

கருவியை மாற்றிவிடலாம், மண்ணுக்கடியிலுள்ள வடிவமைப்பை மாற்றுவது கடினம். சுவிட்சர்லாந்தின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்விஸ்காம் முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை அமைத்து வந்தது. 2020-இல், தெருவோரக் குழியிலேயே ஸ்ப்ளிட்டர் வைத்து, நிலையம்வரை ஒரே இழையைப் பகிரும் முறைக்கு மாறியது. சிறிய போட்டி நிறுவனமான இனிட்7 முறையிட்டது. தனி இழை இருந்தால்தான் அது தன் கருவியைத் தானே இணைத்து, 2021 முதல் விற்கும் 25 கிகாபிட் சேவையைத் தர முடியும். பகிர்விழையில் ஸ்விஸ்காம் தரும் வேகத்தையே வாங்கி விற்க வேண்டியிருக்கும். போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் தடை விதித்தது; நீதிமன்றங்கள் அதை உறுதி செய்தன. கட்டி முடித்த லட்சக்கணக்கான இணைப்புகளை விற்க முடியாமல் போனது, 2022-இல் ஸ்விஸ்காம் தனியிழைக்குத் திரும்பியது, 2024-இல் 1.8 கோடி பிராங்க் அபராதமும் வந்தது. அபராதத்தைவிட, வருமானம் தராமல் முடங்கிய மூலதனமே பெரிய இழப்பு.

ஆகவே, ஆண்டறிக்கையில் ஜிபானா எக்ஸ்ஜிஎஸ்ஸா என்று தேடுமுன், ஸ்ப்ளிட்டர் எங்கே இருக்கிறது என்று நிர்வாகத்திடம் கேட்பேன். ஸ்ப்ளிட்டரை நிலையத்துக்குள்ளேயே வைத்திருந்தால், மண்ணுக்கடியிலுள்ள இழையைப் பொறுத்தவரை அது தனியிழை. இன்று பான் கருவிகளால் செலவைக் குறைத்து, நாளை போட்டி நிறுவனங்களுக்கும் இணைப்பு தர வேண்டும் என்ற மொத்த விற்பனைக் கட்டாயம் வந்தால் இழையைத் தனியே வாடகைக்கு விடலாம். அடர்த்தியான நகரங்களில் இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை நியாயமானது. வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதிகளில் தெருவோர ஸ்ப்ளிட்டரே போதும். 50 கிகாபிட் பான் 2021-இல் தரப்படுத்தப்பட்டுவிட்டது என்றாலும், எக்ஸ்ஜிஎஸ் கருவிகளின் விலை வீட்டிற்கேற்ற அளவில் இருக்கும்வரை, அதை முன்னிறுத்திப் பங்கு விலையை உயர்த்த முயலும் அறிவிப்புகளுக்கு நான் மதிப்பளிக்க மாட்டேன்.