ஆறு மாத பிரிட்ஜ் கோர்ஸ்: கைக்கு வந்ததும் வராததும்

நர்சிங் முடித்தவர்கள் துணை சுகாதார நிலையப் பொறுப்புக்குப் போகும் முன் படிக்கும் சமுதாய சுகாதாரச் சான்றிதழ் படிப்புக்கு ஐந்துக்கு மூன்றரை தரலாம். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் சுகாதாரத் திட்டம் வந்தபின், டாக்டர் இல்லாத இடத்தில் சர்க்கரையையும் பிரஷரையும் முதலில் பிடிக்க வேண்டிய ஆள் நர்ஸ்தான். அதற்கு இந்தப் படிப்பு எவ்வளவு உதவுகிறது?

பிரஷர் விஷயத்தில் நன்றாகவே உதவுகிறது. வார்டு அவசரத்தில் சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றும் பழக்கம் இங்கே உடைகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கை இதய மட்டத்தில் இருக்க, பேச்சில்லாமல், ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு ஏறித்தான் காட்டும். தேவையில்லாத மாத்திரை அங்கேதான் ஆரம்பிக்கிறது. குழந்தையின் மூச்சு எண்ணுவதும் அப்படியே: அழாதபோது, சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40; அதைத் தொட்டாலே வேகமான மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது ஏமாற்றும், பச்சைக் குழந்தை சீராக மூச்சு விடாது.

மதிப்பெண் குறைவது சர்க்கரை நோயாளியின் பாதத்தில். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் நைலான் இழை, அதாவது 10 கிராம் மோனோஃபிலமென்ட், பாடத்தில் இருக்கிறது. ஒருமுறை செய்து காட்டினால் கைக்கு வராது. முதலில் நோயாளியின் கையில் தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் வரை செங்குத்தாக ஓரிரு நொடி அழுத்தி எடுக்க வேண்டும். 'தெரியுதா?' என்று ஒவ்வொரு தொடலுக்கும் கேட்டால் பாட்டி தலையாட்டிக்கொண்டே இருப்பார். இடைவெளியை மாற்றி மாற்றித் தொட்டு 'எங்கே?' என்று கேட்க வேண்டும். செருப்பில்லாமல் நடந்து காய்த்துப்போன இடத்தில் வைத்தால் நரம்பு நன்றாக இருந்தாலும் உணர்வு தெரியாது; காய்ப்பைத் தவிர்த்துப் பக்கத்தில் வைக்கவும். பத்துப் பேருக்கு மேல் தொடர்ந்து பார்த்தால் இழையும் தளரும், ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையிலும் இதே குறை. 5 சதவீத அசிட்டிக் அமிலம், அன்றன்றே கலந்தது, தடவிய பின் முழு ஒரு நிமிடம். இதெல்லாம் மனப்பாடமாகிவிடும். வெள்ளைத் திட்டையும் சாதாரண நிறமாற்றத்தையும் பிரித்தறிவதோ, அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று திருத்தினால்தான் வரும்.

சேரப் போகிறவர்கள் செய்முறை நாட்களில் சர்க்கரை நோய்ப் பிரிவு இருக்கும் நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செய்முறைகளைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்து விழுந்துவிட்டாலும் இன்னும் இருபது பாதமாவது பாருங்கள்.