பைக்குள் அடங்கும் ஸ்கோப்: தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கும் கொடிமலைக்கும் எது பொருந்தும்?

செப்டம்பர் பிறந்துவிட்டால் பினாங்கில் பறவை பார்ப்பவர்களிடையே ஒரே பேச்சுதான். வடக்கிலிருந்து உள்ளான் என்னும் கரைப்பறவைகள் வரத் தொடங்கிவிட்டன, ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (டிரைபாட்டில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கி) வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது? பைனாகுலரோடு செபராங் பிறை கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நீர் வடிந்த சேற்றில் நூற்றுக்கணக்கில் பறவைகள் மேய்கின்றன. பத்து மடங்கு பைனாகுலரில் அவை எல்லாமே பழுப்புப் புள்ளிகள்.

இணையத்தில் எடை குறைந்த ஸ்கோப் பற்றித் தேடினால் கிடைக்கும் அலசல்களில் பெரும்பாலானவை மலை வேட்டைக்காரர்கள் எழுதியவை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் நியூசிலாந்திலும் ஆல்ப்ஸ் மலையிலும் பல நாள் உணவையும் கூடாரத்தையும் முதுகில் சுமந்து ஏறுகிறவர்கள். எதிர்ச் சரிவில் நிற்கும் மானைப் பைனாகுலரில் கண்டுபிடித்து, கொம்பின் அளவை ஸ்கோப்பில் கணிப்பது அவர்கள் வழக்கம். சிறிய ஸ்கோப்புகளுக்கு இன்று இத்தனை தெரிவு இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம். எடை விஷயத்தில் அவர்கள் சொல்வதை அப்படியே நம்பலாம். ஆனால் அவர்கள் பார்ப்பது குளிர்ந்த, வறண்ட மலைக்காற்றின் வழியாக. நாம் பார்ப்பதோ வெயிலில் வேகும் சேற்றின் மேல், ஈரக்காற்றின் வழியாக. அதனால் 45 மடங்கா 60 மடங்கா என்று அவர்கள் போடும் சண்டை நமக்குப் பெரிதாக உதவாது.

காலை எட்டரை ஒன்பது மணிக்கு மேல் சேறு சூடாகி, அதன் மேலுள்ள காற்று நெளிய ஆரம்பித்துவிடும். அந்த நெளிவையும் சேர்த்துத்தான் ஸ்கோப் பெரிதாக்கிக் காட்டும். 25 மடங்கில் பறவையின் அலகு தெளிவாகத் தெரிகிறது, 40க்குத் திருகினால் பறவையே கொதிக்கிறது. எந்த விலைக் கண்ணாடியானாலும் இதுதான் கதை. எனவே பினாங்குக் கரையில் நிற்கப் போகிறவர் 20 முதல் 30 மடங்கு வரை எது நன்றாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். அதற்கு மேல் உள்ளது விடியற்காலைக்கும் மழை பெய்து வெறித்த பொழுதுக்கும் மட்டும்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸை 40 மடங்கில் வைத்தால் 1.25 மி.மீ. மேகமூட்டத்தில் படம் மங்கலாகிவிடும். அதே லென்ஸை 20 மடங்கில் வைத்தால் 2.5 மி.மீ., பார்க்க இதமாக இருக்கும். 80 மி.மீ. ஸ்கோப் 50 மி.மீ. ஸ்கோப்பைவிட இரண்டரை மடங்கு ஒளியைச் சேர்க்கிறது, உண்மைதான். ஆனால் அது ஒன்றரை முதல் இரண்டு கிலோ. அதைத் தாங்க அதற்கேற்ற கனத்தில் டிரைபாட் வேண்டும். காரை நிறுத்தி இருபது அடி நடப்பவருக்கு அது சரி. தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியாகக் கொடிமலை ஏறுகிறவருக்கும், தெலுக் பஹாங்கிலிருந்து கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டு வழியே நடக்கிறவருக்கும் அது தண்டனை.

நான் ஒப்பிடப் போவது நான்கை. கோவா டிஎஸ்என்-501, செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 9-27x56 (அதாவது 9 முதல் 27 மடங்கு, 56 மி.மீ. லென்ஸ்), கோவா டிஎஸ்என்-553, சுவரோவ்ஸ்கி ஏடிசி 17-40x56. முதல் இரண்டும் அமெரிக்கச் சந்தையில் சில நூறு டாலருக்குள் கிடைப்பவை. அடுத்த இரண்டும் இரண்டாயிரம் டாலரை ஒட்டியவை. இங்கே கடைக்குக் கடை விலை மாறும், ரிங்கிட் மதிப்பும் ஏறி இறங்கும். அதனால் அந்த இடைவெளியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவா 501இன் எடை வெறும் 400 கிராம். 50 மி.மீ. லென்ஸ், 20 முதல் 40 மடங்கு. கையில் எடுத்ததும் பிடித்துவிடும். ஒரு தண்ணீர்ப் போத்தலைவிட லேசாக, பையில் இருப்பதே தெரியாமல் கிடக்கும். குறை இரண்டு. ஒன்று, தொடக்கமே 20 மடங்கு என்பதால் பார்வைப் பரப்பு குறுகல். புதிதாகப் பழகுகிறவர் பறவையைத் தேடிக்கொண்டே இருப்பார், அதற்குள் அது எழுந்து போயிருக்கும். மற்றது, இதில் ஈடி கண்ணாடி இல்லை.

ஈடி என்பது வண்ணங்களைச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் குவிக்கும் சிறப்புக் கண்ணாடி. அது ஏன் நமக்கு முக்கியம் என்பதைக் கரையில் நின்றால்தான் உணர முடியும். செபராங் பிறையில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை செல்லும் அந்தக் கரை முழுவதும் மேற்கு நோக்கியது. காலையில் சூரியன் முதுகுப் பக்கம், பறவைகள் மேல் நல்ல வெளிச்சம். ஈடி இல்லாத ஸ்கோப்பும் அப்போது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். மாலையில் நீர் ஏறி பறவைகள் கரைக்கு நெருங்கும் நாளில் சூரியன் நேர் எதிரே இருக்கும். சேறு வெள்ளித் தகடாக மின்ன, அதன் முன் கறுத்து நிற்கும் ஒவ்வொரு பறவையைச் சுற்றியும் மலிவான கண்ணாடி ஊதாவும் பச்சையுமாக ஒரு விளிம்பு கட்டும். கால் மஞ்சளா பச்சையா என்று தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் இந்த விளிம்பு காலை வாரிவிடும்.

இது சின்ன விஷயமில்லை. அந்தக் கரையின் பெருமையே நார்ட்மன் பச்சைக்காலி போன்ற அரிய பறவைகள் வந்து தங்குவதுதான். உலகிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கையில் உள்ள கரைப்பறவைகளில் அதுவும் ஒன்று. அதன் பக்கத்திலேயே சாதாரணப் பச்சைக்காலியும் மேயும். சாதாரணப் பச்சைக்காலிக்குக் கால் நீளம், பச்சை சாய்ந்த நிறம், அலகு மெலிவு. நார்ட்மனுக்குக் கால் குட்டை, மஞ்சள் சாயல், அலகின் அடிப்பகுதி தடிமனாகவும் வெளிறியும் இருக்கும். இரண்டையும் 25 மடங்கில் நல்ல கண்ணாடியில் பார்த்தால் சந்தேகமே வராது. விளிம்பு கட்டும் கண்ணாடியில் பார்த்தால் நாள் முழுக்க விவாதம்தான்.

அதனால்தான் குறைந்த பணத்தில் என் ஓட்டு செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்டுக்கு. சுமார் 600 கிராம், 56 மி.மீ. லென்ஸ், ஈடி கண்ணாடி, மக்னீசியக் கலப்பு உடல். 27 மடங்கோடு முடிகிறதே என்று பலர் தயங்குகிறார்கள். இங்குள்ள காற்றுக்கு அந்த 27 பகலில் பெரும்பாலும் போதும். அந்த உச்சத்தில்கூட ஒளிக்கற்றை 2 மி.மீ. இருப்பதால் படம் இருளாது. கீழே 9 மடங்கு வரை இறங்குவது இன்னும் பெரிய வசதி. அகலப் பார்வையில் பறவையைப் பிடித்து, அப்படியே திருகி நெருங்கலாம். மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவானுக்குப் போய், மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் தேன் பருந்துகளைப் பார்க்கிறவர்களுக்கு இது கைகொடுக்கும். இதன் கண்பக்க லென்ஸைக் கழற்றிவிட்டு 1.25 அங்குலத் தொலைநோக்கி லென்ஸ்களைப் போடலாம் என்பதும் ஒரு வசதி. ஓரங்களில் கூர்மை குறைகிறது, அதை மறைக்கத் தேவையில்லை. பறவையை நடுவில் வைத்துப் பாருங்கள்.

காசு தடையில்லை என்றால் போட்டி கோவா 553க்கும் சுவரோவ்ஸ்கி ஏடிசிக்கும். இங்கேதான் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். 553 சுமார் 800 கிராம், 55 மி.மீ., 15 முதல் 45 மடங்கு. முன் லென்ஸில் ஈடி கண்ணாடிக்கும் ஒரு படி மேலான தூய ஃப்ளோரைட் படிகம். எதிர்வெயிலிலும் விளிம்பு கட்டுவதில்லை. ஃபோகஸுக்கு இரண்டு திருகிகள், ஒன்று வேகமாக ஓடும், மற்றது மெல்ல நகரும். வியர்த்த விரலால் அந்த மெல்லிய திருகியை ஒரு மயிரிழை நகர்த்தும்போது, இறகின் விளிம்புக் கோடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் பணம் எங்கே போனது என்று.

ஏடிசி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 2022இல் வந்தது. பார்வைப் பரப்பு தாராளம், ஃபோகஸ் வளையம் உடலைச் சுற்றியே இருப்பதால் இருட்டிலும் கை தானாகப் போகும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்றாமலே பார்க்கலாம். கண்ணாடி அணிபவர் என்றால் நான் யோசிக்காமல் ஏடிசியைச் சொல்வேன். மற்றவர்களுக்கு 553. எடை குறைவு, திருகிகள் நுட்பம், விடியலில் காற்று அசையாத அரைமணி நேரத்துக்கு 45 மடங்கும் கையில் இருக்கிறது.

கோவாவில் ஒற்றைப்படை எண் சாய்ந்த பார்வை (கண்பக்க லென்ஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்), இரட்டைப்படை எண் நேர்ப்பார்வை. சுவரோவ்ஸ்கியில் ஏடிசி சாய்ந்தது, எஸ்டிசி நேரானது. பைனாகுலரிலிருந்து கண்ணை எடுத்து அதே திசையில் ஸ்கோப்பில் வைக்கலாம் என்பதால் நேரானதை விரும்புகிற வேட்டைக்காரர்கள் நிறைய. நமக்குச் சாய்ந்ததே நல்லது. டிரைபாட்டை உயர்த்தத் தேவையில்லை, குட்டையாக வைத்தால் கடற்காற்றில் ஆட்டம் குறையும். உயரம் வேறுபட்ட நாலு பேர், ஒரு சின்னப் பிள்ளை உட்பட, மாறி மாறிக் குனிந்து பார்த்துவிடலாம்.

அப்புறம் டிரைபாட். ஸ்கோப்பில் 200 கிராம் மிச்சம் பிடிக்கப் படாத பாடு படுகிறவர், வீட்டில் கிடக்கும் இரண்டு கிலோ அலுமினியக் காலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். எடை பார்ப்பதென்றால் ஸ்கோப், கால், தலை (ஸ்கோப்பைப் பொருத்தும் மேற்பகுதி) மூன்றையும் சேர்த்துத் தராசில் வையுங்கள். அதற்காக மேசை மேல் வைக்கும் அரைக்கிலோ டிரைபாட்டை வாங்கினால், படம் நடுங்கி 27 மடங்கும் வீண். ஒரு கிலோ அளவில் கார்பன் கால், சின்ன வீடியோ தலை, நடுத்தண்டின் கொக்கியில் உங்கள் பையையே தொங்கவிடுங்கள். கரைக்கு இது போதும்.

காட்டுக்குள் மட்டும்தான் போவேன் என்கிறவருக்கு ஸ்கோப்பே வேண்டாம். ஆயர் ஈத்தாம் அணையைச் சுற்றியும் கொடிமலைச் சரிவிலும் மரங்களுக்கிடையே திறந்த வெளி குறைவு. அங்கே கேனன் 15x50 போன்ற நடுக்கம் தணிக்கும் பைனாகுலர் நல்ல மாற்று. 1.2 கிலோ கனம்தான், ஆனால் டிரைபாட் சுமை இல்லை. படமும் வேண்டும் என்றால் நிக்கான் பி950 கேமரா ஒரு கிலோ எடையில், 35 மி.மீ. கேமராக் கணக்கில் 2000 மி.மீ. குவியத்தூரம் வரை எட்டும். மழைக்கு மூடல் இல்லாத கேமரா என்பதால் நம் ஊர் நாலு மணி மழைக்குப் பிளாஸ்டிக் பை அவசியம்.

எதை வாங்கினாலும் ஈரம் பொதுவான எதிரி. குளிரூட்டிய காரிலிருந்து ஸ்கோப்பை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி உடனே பனித்துக்கொள்ளும், பத்து நிமிடம் பார்க்க முடியாது. கரை நெருங்கும்போதே காரின் குளிரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வீட்டில் உலர்பெட்டி இல்லாவிட்டால், காற்றுப் புகாத ரொட்டி டின்னில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலும் போதும்.

பழைய சரக்கு தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். உற்பத்தி நின்றுபோன நிக்கான் ஈடி50, கண்பக்க லென்ஸ் சேர்க்காமல் 455 கிராம்தான். ஈடி கண்ணாடி உள்ளது. கை மாறி வந்தால் விடாதீர்கள். ஆனால் வாங்கும் முன் இருட்டறையில் ஒரு பக்கமாகக் கைவிளக்கை அடித்து மறுபக்கமாக உள்ளே பாருங்கள். லென்ஸில் மெல்லிய வெள்ளை நூல்கள் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.