பத்து இலட்சம், ஐந்து பேர்: தமிழ்நாடா, கோலாலம்பூரா, சிங்கப்பூரா?

சீட்டுக் காசு கைக்கு வரும் முன்பே எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாவுக்குச் சிதம்பரமும் தஞ்சாவூரும். மகளுக்குச் சிங்கப்பூர். சின்னவனுக்கு எந்த நாடானாலும் சரி, விமானத்தில் சன்னலோரம் கிடைக்க வேண்டும். கணவர் சொன்னது ஒன்றுதான்: "எங்கே போனாலும் கடன்படாமல் திரும்பி வரவேண்டும்." அதைத்தான் கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

கையில் இருக்கப்போவது பத்து இலட்சம் இலங்கை ரூபாய். நாங்கள் இருவர், 14 வயது மகள், 9 வயது மகன், 68 வயது அம்மா. மூன்று இடங்களுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி ஒரு மாதமாகக் கணக்குப் போட்டேன். விலைகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. ஆகவே என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள்.

கொழும்புக்காரர் போடும் கணக்கு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தொடங்கும். எங்களுடையது திருகோணமலை உவர்மலை வீட்டு வாசலில் தொடங்குகிறது. காலை விமானம் என்றால் முதல்நாள் இரவே வான் வண்டியில் ஏற வேண்டும். தங்கையை வழியனுப்பப் போன இரவு, கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுப் பாதையில் யானை நின்றதால் நெடுநேரம் அசையாமல் காத்திருந்தோம். தம்புள்ளையை எட்டியபோது மகன் இரண்டாம் தடவை வாந்தியெடுத்திருந்தான். போக வர வானுக்கு 55,000 ரூபாய் வரை ஆகிறது. இரவு ரயிலில் போனால் பெருந்தொகை மிச்சம். ஆனால் கொழும்புக் கோட்டையில் இறங்கிப் பெட்டிகளோடு மீண்டும் கட்டுநாயக்காவுக்கு ஏறியிறங்க வேண்டும். அம்மா வராத பயணமாக இருந்தால் நான் ரயிலையே எடுப்பேன்.

இனிக் கடவுச்சீட்டு. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். போகும் நாட்டில் ஆறு மாதம் மீதி கேட்பார்கள் என்பதால், கையிலிருக்கும் கடவுச்சீட்டின் உண்மையான ஆயுள் இரண்டரை ஆண்டு. டிக்கெட் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்து ஒருநாள் சேவைக்காகப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு எங்களுக்கு வடக்குப் பக்கமாக இரண்டு வாசல்கள் உள்ளன. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கும், 2025 முதல் திருச்சிக்கும் விமானம் வந்துவிட்டது. எதில் போனாலும் இரவு வான் பயணம் இல்லை. பகலிலேயே வவுனியா வழியாகப் போய்ச் சேரலாம். என் மனத்துக்கு இதுவே பெரிய ஆறுதல்.

நாகப்பட்டினத்தில் இறங்கினால் செலவு குறைய இன்னொரு காரணமும் உண்டு. நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் சிக்கல் சிங்காரவேலர் கோயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று நீட்டினாலும் ஒவ்வொன்றும் சில மணி நேரப் பயணம். திருகோணமலையில் எந்த மதத்தவர் வீட்டிலும் இந்தப் பெயர்களில் ஒன்றுக்காவது ஒரு நேர்த்திக்கடன் கிடக்கும்.

இரண்டு அறைகள், சாரதியோடு வாடகை வாகனம், மூன்று வேளைச் சாப்பாடு என்று சேர்த்தால் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 35,000 இலங்கை ரூபாய் வருகிறது. இதில் ஏறத்தாழ பாதி வாகனத்துக்குப் போகிறது. கப்பல், விசா, காங்கேசன்துறை வரை வான் எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சம். ஆகப் பத்து இரவுக்கு ஆறு இலட்சம். நான்கு இலட்சம் மிச்சம் என்று கோடு போட்டுவிட்டேன்.

அப்போதுதான் அம்மா ஒரு கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பதினேழு பெயர்கள். பெரிய மாமிக்கு நூல் சேலை, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குத்துவிளக்கு, கோயில் ஐயருக்கு வேட்டி, சித்தியின் பேத்திக்குப் பாவாடை சட்டை. தனக்கென்று எதுவும் எழுதவில்லை. "இவ்வளவு தூரம் போய்விட்டு வெறுங்கையோடு வந்தால் சனம் என்ன நினைக்கும், பிள்ளை?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. மலேசியாவிலிருந்து வருபவரிடம் நம் ஊர் ஒரு சொக்லட் பெட்டியை எதிர்பார்க்கும். இந்தியாவிலிருந்து வருபவரிடம் சேலையை எதிர்பார்க்கும். அந்தப் பதினேழு பெயருக்கும், நாங்கள் எங்களுக்காக வாங்கப்போவதற்கும், பெட்டியின் நிறை கூடினால் கட்ட வேண்டியதற்கும் விலை போட்டேன். மிச்சம் என்று எழுதிய நான்கு இலட்சத்தில் மூன்று கரைந்தது. தமிழ்நாட்டுப் பயணத்தை மலிவு என்பவர்கள் இந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

கோலாலம்பூர்க் கணக்கு வேறு மாதிரி. டிக்கெட் மட்டும் ஐந்து பேருக்கு மூன்றரை இலட்சம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே இணையவழி விசா எடுக்க வேண்டும். போய் இறங்குவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகைப் படிவமும் நிரப்ப வேண்டும். படிவத்துக்குக் காசில்லை. அதற்கென்று காசு கேட்கும் இணையத்தளங்கள் அரசாங்கத்துடையவை அல்ல. இவ்வளவும் சேர்த்துப் பார்த்தபோது மனம் சுருங்கியது. ஆனால் இறங்கிய பிறகு ஆகும் செலவு என்னை நிமிர வைத்தது.

ஐந்து பேரும் ஒரே கூரைக்குள் தங்க, சமையலறையோடு இரண்டு படுக்கையறை வீடு ஓர் இரவுக்கு 250 ரிங்கிட் அளவில் கிடைக்கிறது. வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. ரிங்கிட்டை 70 ரூபாய் என்று வைத்தால் வரியோடு 18,200 ரூபாயில் தங்குமிடம் முடிகிறது. வாழையிலைச் சாப்பாடு, தோசை, ரயில் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 37,000. தமிழ்நாட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்: வெறும் இரண்டாயிரம் வித்தியாசம். கூட்டலில் பிழை என்று நினைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். பிழை இல்லை. அங்கே வாடகை வாகனம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பத்துமலைக்கு நகர ரயிலில் சில ரிங்கிட்டுக்குப் போய் முருகன் காலடியிலேயே இறங்கலாம். 272 படிகள் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. ஆனால் அடிவாரத்திலும் கோயில்கள் உண்டு, 42.7 மீற்றர் உயர முருகனைக் கும்பிடப் படியேற வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யாழ்ப்பாணத்துத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் ரயில்வே வேலைக்குப் போனவர்களின் கோயில் அது. அம்மாவின் பெரியப்பா ஒருவரும் அப்படிப் போனவர்தான். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா அந்தப் பக்கத்தை வாங்கி வாசித்தார்.

ஏழு இரவுக்கு, வானும் விசாவும் சேர்த்து ஏழரை இலட்சம். பிள்ளைகளுக்கான இடங்களுக்கும் சொக்லட்டுக்கும் ஓர் இலட்சம் ஒதுக்கினாலும் ஒன்றரை இலட்சம் நிற்கிறது.

சிங்கப்பூரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையருக்கு விசா வேண்டாம் என்பது பெரிய சலுகை. இரவு ஒளி விளையாடும் உலோக மரத் தோட்டம், விமான நிலையத்துக்குள் 40 மீற்றர் உயரத்திலிருந்து கொட்டும் அருவி என்று, மகள் ஆசைப்படுவதில் பாதிக்கு அனுமதிச் சீட்டே இல்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். கடிப்பது அறை வாடகை. ஐந்து பேருக்கு ஒரே அறை தர மாட்டார்கள். இரண்டு அறை என்றதும் ஓர் இரவுக்கு 300 சிங்கப்பூர் டொலர், நம் காசில் 70,000. சாப்பாடும் ரயிலும் சேர நாளுக்கு ஓர் இலட்சம். டிக்கெட்டுக்கு நாலே முக்கால் இலட்சம் போனபின் நான்கு இரவோடு பத்து இலட்சமும் ஏறத்தாழ முடிகிறது. கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் கதை வேறு. ஒரே அறை போதும், விசாக் காசும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்துக்குச் சிங்கப்பூரைத் தயங்காமல் சொல்வேன்.

திருகோணமலைக்காரருக்கு இன்னொரு கட்டும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் அறையோ படகோ வைத்துப் பிழைப்பவர்களுக்குச் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை உழைப்புக் காலம். எங்களுக்கும் உப்புவெளியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஓகஸ்ட் விடுமுறையில் கதவைப் பூட்டிக்கொண்டு போனால், போகும் செலவோடு வராத வருமானத்தையும் கூட்ட வேண்டும். எங்களுக்கு ஓய்வு வருவது மாரியில். அந்த மாரியில்தான் கடல் கொந்தளித்துக் கப்பலும் நிற்கிறது, நாகப்பட்டினக் கரையிலும் புயல் அடிக்கிறது. ஆக, நான் ஆசையாகப் போட்ட கப்பல் கணக்கு அரசாங்க உத்தியோகத்தர் குடும்பத்துக்குப் பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்திலிருந்து விமானத்தில் போகலாம். ஆனால் மழையில் நனைந்த பிரகாரங்களில் அம்மாவை நடத்திக் கூட்டிச் செல்ல எனக்கு மனமில்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்தின் அடியிலும் கோலாலம்பூர்ப் பக்கத்தின் அடியிலும் ஓர் இலட்சத்தைத் தொடாத காசு என்று எழுதியிருக்கிறேன். 2022 இல் எங்கள் முந்தைய சீட்டு விழுந்த நேரம், 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 360 வரை ஓடியது. பயணத்துக்கென்று வைத்த காசு எரிவாயு வரிசையிலும் பால்மாவிலும் போனது. அன்றைக்குக் காசு கையில் இருந்ததே பெரிய புண்ணியம். அதனால்தான் தவணைக் கடனில் விடுமுறைக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கடனட்டையில் வெளிநாட்டுச் செலவு செய்தால் வங்கிக் கட்டணமும் முத்திரை வரியும் மேலதிகமாக ஏறும். வீடு வந்த பிறகுதான் அந்தத் துண்டு கைக்கு வரும்.

வீட்டில் கல்யாணம் நிச்சயமாகி, கூறையும் வேட்டியும் எப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் தமிழ்நாட்டுக்கே போங்கள். வாங்கும் பொருளின் விலை வித்தியாசமே பயணச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து வருவதற்கு என்றால் கோலாலம்பூர். மகளுக்காக, திரும்பும் டிக்கெட்டைச் சிங்கப்பூரிலிருந்து எடுத்து, பஸ்ஸில் எல்லை கடந்து, கடைசி இரவை அங்கே கழிக்கலாமா என்று இன்னொரு பக்கம் திறந்திருக்கிறேன். பஸ்ஸுக்கு ஐந்தாறு மணி நேரம், அறைக்கு ஓர் இரவு, இதுவரை கணக்கு இடிக்கவில்லை.

அம்மா அழைப்பிதழின் பின்பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பதினேழு பெயரையும் வெட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே "சொக்லட்" என்று எழுதித் தந்தார். சீட்டு ஐப்பசியில் விழும். சின்னவனின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வருகிற செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போகிறோம்.