ஹீரோவா, ஆஸ்ட்ரிச்சா, ஜின்ஹாவா? மலிவான சீன மைகள் ஓர் ஒப்பீடு

ஊற்றுப் பேனாவுக்கு மலிவு விலையில் சீன மை தேடுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். புட்டிக்குள் இருப்பது எந்த வகை மை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். இரும்பு கலந்த மையா, கரித்துகள் மையா, வெறும் சாயமா? பேனாவின் ஆயுளும் எழுத்தின் ஆயுளும் அதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன.

ஹீரோ என்றதும் நமக்குப் பேனாதான் நினைவுக்கு வரும். அதே ஷாங்காய் நிறுவனத்தின் பெயரில் மையும் வருகிறது. அதில் 232 என்ற எண்ணுள்ள நீலக்கறுப்பு, இரும்பு கலந்த பழைய வகை. மாசிக்காயிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பு சேர்ந்தால் கிடைக்கும் மை இந்த வகைதான். நம் ஊரில் கடுக்காய் மை காய்ச்சியவர்கள் அறிந்திருந்த அதே வேதிவினை. எழுதும்போது நீலமாகத் தெரிவது உடன் சேர்த்த சாயம். காற்றுப் படப்பட இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து தாளின் இழைகளிலேயே கறுத்துப் படியும். தண்ணீர் பட்டால் நீலம் கொஞ்சம் கலையலாம், கறுப்பு நிற்கும்.

இதில் எனக்கு இன்னும் பிடித்தது, சாதாரணத் தாளிலும் அடக்கமாக நடந்துகொள்வது. மெல்லிய நோட்டுத் தாளில் பல சாய மைகள் வேர்விட்டதுபோல் பரவி, பின்பக்கமும் ஊறிவிடும். இந்த வகை மையில் கோடு பரவாமல் நிற்கும். குறை இல்லாமல் இல்லை. மருந்துக்கடை நெடி கொஞ்சம் உண்டு. அமிலத் தன்மை இருப்பதால் எஃகு நிப்பில் மாதக்கணக்கில் காயவிடக் கூடாது. தினம் எழுதுங்கள், மை மாற்றும்போதெல்லாம் தண்ணீரில் அலசுங்கள், போதும்.

அதே ஹீரோவின் 234 கார்பன் கறுப்பு. இதில் நிறம் கரைந்திருப்பதில்லை, நுண்ணிய கரித்துகள்களாக மிதக்கிறது. வெயிலுக்கும் வெளுக்காது, காய்ந்தபின் தண்ணீருக்கும் அசையாது. கோட்டோவியம் வரைந்து மேலே வாட்டர்கலர் பூசுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் நிப்புக்கு மை கொண்டுவரும் அடிப்பகுதியான ஃபீடுக்குள் காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. நிப் மறைந்திருக்கும் ஹீரோ 616 மாதிரிப் பேனாக்களில் ஊற்றாதீர்கள். நிப்பையும் ஃபீடையும் கையால் கழற்றிக் கழுவ முடிகிற மலிவுப் பேனா ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

ஆஸ்ட்ரிச், தியான்ஜின் நகரத்து மை. இதிலும் நீலக்கறுப்பு, கார்பன் இரண்டும் உண்டு. தேர்ந்தெடுக்கும் விதமும் அதேதான், எது நியாயமான விலைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். சீனாவில் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் படிவங்களைக் கார்பன் மையிலோ நீலக்கறுப்பு மையிலோ நிரப்பச் சொல்வது வழக்கம். தூய நீலம் நாளடைவில் வெளுத்துவிடும் என்பதுதான் காரணம். உயில், ஒப்பந்தம், குடும்பக் கணக்கு என்று எழுதுகிற நமக்கும் அது பொருந்தும்.

ஜின்ஹாவ் வேறு உலகம். அங்கே இருப்பது சாய மை, நிறங்கள்தான் விசேஷம். பாடக் குறிப்பு, நாட்குறிப்பு, வாழ்த்து அட்டை எல்லாவற்றுக்கும் அழகாக இருக்கும், கழுவுவதும் சுலபம். நனைந்தால் எழுத்து போய்விடும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். புட்டிக்குப் பதில் பேனாவுக்குள் செருகும் மைக்குழாயான கார்ட்ரிட்ஜ் வாங்குவதானால் வாய் அளவைப் பாருங்கள். சீனப் பேனாக்களில் 2.6 மி.மீ., 3.4 மி.மீ. என இரண்டு அளவு புழங்குகிறது. ஒன்று மற்றதில் சரியாகப் பொருந்தாது.

அப்புறம், சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்காக விற்கும் அழிக்கக்கூடிய நீல மையும் இதே விலையில் கண்ணில் படும். தேய்த்தால் எழும் சூட்டில் நிறம் மறைகிற வகை அதில் உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் நோட்டை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காசோலையிலும் கையெழுத்திலும் அது வேண்டவே வேண்டாம். விவரத்தில் 'அழிக்கலாம்' என்று இருந்தால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

ஒரே ஒரு புட்டிதான் வாங்க முடியும் என்றால் ஹீரோ 232. இரண்டாவதாக நிறத்துக்கு ஒரு ஜின்ஹாவ். கார்பன், வரைகிறவர்களுக்கு மட்டும். இவற்றை ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள். இரும்பு மையும் மற்ற மையும் சேர்ந்தால் கசடு திரண்டு ஃபீடை அடைத்துக்கொள்ளலாம்.