நாடியா, மூச்சா: கரண்ட் செலவை எப்படிக் காட்டினால் உறைக்கும்?

‘கெய்சர் கரண்ட் குடிக்குது’ என்று சொல்லும்போதே அதற்கு ஒரு வாயை வைத்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தைப் புரிந்துகொள்ள நம் உடம்புதான் கைகொடுக்கிறது. வீட்டுப் பொருள்களை வடிவமைப்பவர்களும் இதே வழியில் போயிருக்கிறார்கள். சிலர் நாடியைப் பிடித்தார்கள், சிலர் மூச்சை.

முதலில் மூச்சு. ஆப்பிள் லேப்டாப்பை மூடிவைத்தால் முன்பெல்லாம் ஒரு சின்ன வெள்ளை விளக்கு மெல்லக் கூடி மெல்லக் குறையும். மனித மூச்சின் தாளத்தில் அதை அமைத்துக் காப்புரிமையும் வாங்கினார்கள். அழகான வேலைதான். ஆனால், ‘தூங்குது, எழுப்பாதே’ என்கிறது அந்த விளக்கு. பிளக்கைப் பிடுங்கக் கை போகாது. ஸ்டாண்ட்பை செலவு, அதாவது வேலை செய்யாமல் சும்மா செருகியிருக்கும்போது ஆகும் செலவு, ஒளிந்திருப்பதே அந்தத் தூக்கத்தில்தான். 10 வாட் இழுக்கும் பழைய செட்டாப் பாக்ஸ் ஒன்று நாள் முழுக்க செருகியே இருந்தால், இரண்டு மாத பில்லில் 14 யூனிட் ஏறிவிடும்.

நாடிக்கு நல்ல உதாரணம் சுவீடனில் இருக்கிறது. அங்கு இயங்கிவந்த இன்டராக்டிவ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம், 2004-05 வாக்கில் ‘ஸ்டேட்டிக்’ என்ற திட்டத்தில் ‘பவர் அவேர் கார்டு’ என்று ஒன்றைச் செய்தது. பார்வைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஆனால் ஒயர் கண்ணாடி மாதிரி, உள்ளே ஒளிரும் இழைகள். எதையாவது செருகி ஸ்விட்சைப் போட்டால் நீல வெளிச்சம் ஒயருக்குள் ஓடும். லோடு ஏற ஏற ஓட்டம் வேகமாகும். வாட் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தைக்கும் எது அதிகம் இழுக்கிறது என்று புரிந்துவிடும். எந்தப் பொருள் என்று காட்டுவதும், அந்த நொடியிலேயே காட்டுவதும்தான் இதன் பலம்.

குறையும் உண்டு. நாடி இந்த நொடியை மட்டும்தான் சொல்லும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் ஓடினால் 0.17 யூனிட்கூட ஆகாது. ஆனால் நாடி படபடக்கும். ஒரு நாளைக்கு ஒரு யூனிட் தின்னும் ஃபிரிட்ஜோ சாதுவாகத் தெரியும்.

செலவு கூடினால் காய்ச்சல் கண்டதுபோல் சிவக்கும் விளக்குகள் எனக்குப் பிடிக்கவில்லை. கைக்குழந்தைக்கு வெந்நீர் போடுகிறவரைக் குற்றவாளி ஆக்குவதில் என்ன பயன்?

என் ஓட்டு நாடிக்குத்தான். அதற்காக சுவீடன் வரை போக வேண்டாம். எங்கள் வீட்டு மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று மேலேயே அச்சடித்திருக்கிறது (உங்களுடையதில் வேறு எண் இருக்கலாம்). கணக்குப் போட்டால், 1000 வாட் ஓடும்போது நிமிடத்துக்கு 53 சிமிட்டல். ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் நாடிக்குப் பக்கத்தில் வருகிறது. 2000 வாட் கெய்சருக்கு 107. மாடிப்படி ஏறி வந்த நெஞ்சு மாதிரி.

ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். நின்றுவிட்டது என்று நினைத்தபோது ஒரு சிமிட்டல். அடுத்தது கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கழித்து. உள்ளே போய்ப் பார்த்தால், டிவிக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸ் வெதுவெதுப்பாக இருந்தது.