பழுப்புக் கோடு சரி, நீலக் கோடுதான் தொல்லை

அமெரிக்காவின் மேற்கு கான்சாஸைச் சுற்றிப் பார்க்க வரும் நண்பர், "1:24,000 டோப்போ மேப்பையெல்லாம் இன்னும் அச்சிட்டு வைத்திருக்கிறாயா, போன் போதாதா?" என்று கேட்டார். நிலத்தின் மேடுபள்ளங்களைக் கோடுகளால் காட்டும் வரைபடம் அது; அதில் ஒரு அங்குலம் தரையில் 24,000 அங்குலம். பல வருடமாக அந்தத் தாள்களோடு அலைகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

காரில் போனால் ஹை பிளெயின்ஸ் என்னும் அந்த உயர்ந்த சமவெளியில் ஒன்றுமே இல்லை. கோதுமை வயல், மைலுக்கொரு சாலை, மறுபடி வயல். தாளை விரித்தால்தான் அந்தத் தட்டைநிலம் எங்கே கிழிகிறது என்று தெரியும். ஸ்காட் கவுண்டியில் லேடர் க்ரீக் ஓடும் பகுதியை எடுத்துப் பாருங்கள். மேட்டில் பழுப்புக் காண்டூர் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். ஓடைப் பக்கம் வந்ததும் நெருக்கியடித்து நிற்கும். ராக்கி மலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த மணலும் சரளையும்தான் அங்கே ஓகல்லாலா படிவம் என்னும் நில அடுக்கு. அதன் இறுகிய மேல்விளிம்பை அறுத்துக்கொண்டு ஓடை கீழே இறங்கியிருக்கிறது. கிளை ஓடைகளும் சும்மா இல்லை. தலைப்பக்கம் அரித்து அரித்து மேட்டுக்குள் ஏறுகின்றன. ஓடையைக் கடக்கும் காண்டூர் கோட்டின் கூர்முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதுதான் மேலோடை. நூல் பிடித்த மாதிரி வரும் சாலைகள்கூட அந்த விளிம்பில் நின்றுவிடும், இல்லை வளைந்துவிடும். மேட்டில், உட்பக்கம் சிறு கோடுகள் போட்ட வளையங்கள் தெரியும். அவை பிளாயா என்னும் பள்ளங்கள். அங்கே தேங்கும் மழைநீர் எந்த ஓடைக்கும் போய்ச் சேராது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஒரு மாலையை ஓட்டிவிடலாம்.

அப்புறம் ஓடைகளைக் காட்டும் அந்த நீலக் கோடு. முழுக்கோடு என்றால் வருடம் முழுக்கத் தண்ணீர், விட்டுவிட்டுப் போனால் சில காலம் மட்டும். பழைய தாளில் முழுக்கோடாக இருக்கும் எத்தனையோ ஓடைகள் இன்று வெறும் மணல். பாசனத்துக்கு அந்த ஓகல்லாலா அடுக்கின் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, ஓடைக்கு ஊறிய ஊற்றுகள் வற்றிவிட்டன. அன்றைக்கு வரைந்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லைதான். ஆனால் புதிய பதிப்பின் நீலத்திலும் பெரும்பகுதி அந்தப் பழைய தாள்களிலிருந்து வந்ததே. மாட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளைப் பழைய தாளில் குறித்திருப்பார்கள். புதியதில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. வறண்ட ஓடைக்கரையில் எனக்கு வேண்டியிருந்தது அதுதானே!

எனவே நண்பரே, பழைய பதிப்பை இறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். தாளுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மணலில் நடந்த கடுப்பு இன்னும் அடங்கவில்லை, கூட்டிப் போட முடியாது.